ஹேக்கரைப் பிடித்த தாண்டவராயன்

தாண்டவராயன் பூட்டுகளில் நம்பிக்கை உள்ளவர். திருப்புலிவனம் தாண்டி உள்ளே போகிற எங்கள் ஊரில் மோட்டார் கொட்டகைக்குப் பூட்டுப் போடாதவர் யாருமில்லை. ஆனால் அந்தப் பூட்டு மழையில் நனையாமலிருக்க ஒரு தகரப் பெட்டி அடித்து, அந்தப் பெட்டிக்கும் ஒரு பூட்டுப் போட்டவர் அவர் ஒருவர்தான். வைக்கோல் போரின் உச்சியில் ஒரு குச்சியைக் கிழக்கே சாய்த்துச் செருகி வைப்பார். காலையில் அது மேற்கே சாய்ந்திருந்தால் வைக்கோல் திருட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். காற்று என்று ஒன்று இருப்பதை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இப்படிப்பட்ட மனிதர் ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் பட்டன் போனோடு நிம்மதியாக இருந்தார். போன ஐப்பசியில் அந்தப் போனின் ஏழாம் நம்பர் பட்டன் உள்ளே போனது, திரும்பி வரவில்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் மோகன் அவருக்குப் பங்காளி மகன். புதுப் போன் ஒன்றை எடுத்து, வேண்டியதை எல்லாம் அவனே ஏற்றி, கையில் கொடுத்தான்.

"நீ ஒண்ணியும் நோண்டாத பெரிப்பா. மெயில் ஐடி, பாஸ்வேர்டு எல்லாம் நானே போட்டு வுட்டுட்டேன். நீ பாட்டுக்குப் பேசிக்கினு இரு."

உறவுக்காரன் செய்த காரியத்தில் தாண்டவராயன் சந்தேகம் வைப்பதில்லை. அவருடைய சந்தேகம் எப்போதும் தன் தெருவைத் தாண்டிய பிறகுதான் கிளம்பும்.

வாங்கிய சில நாளிலேயே போனுக்குள் அவர் எடுக்காத படங்கள் வர ஆரம்பித்தன. முதலில் ஒரு வெள்ளாடு. அந்த ஆட்டை அவர் பார்த்ததில்லை. பிறகு யாரோ வீட்டுக் காதுகுத்து, தாய்மாமன் மடியில் வாயைப் பிளந்து அழுகிற குழந்தையோடு. அதற்கப்புறம் அவருக்கு அடுத்த வயல்காரர் பெருமாள், மீசைக்குச் சாயம் பூசி, அது காய்கிற வரை பனியனோடு உட்கார்ந்து தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படங்கள், பல கோணங்களில். காலண்டர் வாங்கினால் சாமி படம் கூட வருகிற மாதிரி, போன் வாங்கினால் பெருமாள் வருவார் போலிருக்கிறது என்று தாண்டவராயன் விட்டுவிட்டார். மோகன் கொடுத்த போன் அல்லவா.

விஷயம் வெடித்தது மார்கழியில், ஏரி மதகு திறந்து நடவு தொடங்கிய நேரத்தில். காலை நாஷ்டாவுக்கு உட்கார்ந்தவர் தன் போனைக் காணோம் என்று, மனைவி சசிரேகாவின் போனை வாங்கித் தன் நம்பரை ஒவ்வொன்றாகத் தட்டினார். மாட்டுக் கொட்டகைப் பக்கம் மணி அடித்தது. ஆனால் அவர் எழுந்து போகவில்லை. கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில், அவருடைய நம்பருக்கு மேலே, கொட்டை எழுத்தில் ஒரு பெயர் மின்னியது: வாய்க்கா திருடன்.

"இன்னாடி இது?"

சசிரேகா எட்டிப் பார்த்தாள். "உன் நம்பர்தான்."

"நம்பரு தெரிது. பேரு?"

"அத்த நான் போடல. நான் 'அவுரு'ன்னுதான் போட்டு வெச்சேன். கொஞ்ச நாளா இப்டித்தான் வந்துக்கினு கீது."

"கொஞ்ச நாளாவா? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"தப்பா இருந்தா சொல்லியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு அவள் சட்னி எடுக்கப் போய்விட்டாள்.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் ஊரில் ஏரித் தண்ணீர் வயல் வயலாக முறை வைத்துப் பாய்கிறது. பெருமாளின் முறை வருகிற அன்று, விடிவதற்குள் வாய்க்காலில் ஒரு வைக்கோல் கட்டும் ரெண்டு கூடைச் சேறும் எப்படியோ வந்து அடைத்துக்கொள்ளும். தண்ணீரும் வேறு வழியில்லாமல் தாண்டவராயன் வயலுக்குத் திரும்பும். இதில் மனிதர் கை ஏதும் இல்லை, எல்லாம் இயற்கை என்பது அவர் கட்சி. மற்ற விஷயங்களில் இயற்கையை நம்பாதவர் இந்த ஒன்றில் மட்டும் நம்பினார்.

அன்று டீக்கடைக்குப் போய், பெஞ்சில் இருந்தவர்களின் போன்களுக்கு வரிசையாக அடித்துப் பார்த்தார். எல்லாப் போனிலும் அதே பெயர் எழுந்து ஆடியது. யாரும் திடுக்கிடவில்லை.

"எனுக்கும் அப்டித்தான் வருது" என்றார் பெருமாள், டீயை ஆற்றிக்கொண்டே. "நாந்தான் எப்பவோ போட்டுக்கீறேன் போலன்னு வுட்டுட்டேன்."

பெயர் பொருத்தமாக இருந்ததால் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அதுதான் தாண்டவராயனை அதிகம் வருத்தியது. அவர் போன் செய்தால் எதிர்முனையில் இருக்கிறவர் பேசுவதற்கு முன்னே லேசாகச் சிரிப்பது ஏன் என்று அவருக்கு இப்போதுதான் விளங்கியது.

யாரையாவது கூப்பிட்டால், மணி அடிக்கும் முன் ஒரு குரல் மோசடிக்காரர்களைப் பற்றி எச்சரிக்கும் இல்லையா? அந்தக் குரல் இத்தனை நாளும் தன்னிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தது என்று அவர் முடிவுக்கு வந்தார். "ஹேக்கு" என்று சசிரேகாவிடம் அறிவித்தார். "எவனோ என் போனுக்குள்ள பூந்துட்டான்."

உடனே தற்காப்பு தொடங்கியது. சசிரேகாவின் ஒட்டுப்பொட்டு ஒன்றைப் பிய்த்துப் போனின் கேமரா மேல் ஒட்டினார். சிவப்புப் பொட்டோடு போன் மங்களகரமாக இருந்தது. தண்ணீரில் விழுந்த போனை அரிசிக்குள் வைத்தால் ஈரத்தை இழுத்துவிடும் என்று எங்கோ கேட்டிருந்தார். ஈரத்தை இழுக்கிற அரிசி ஹேக்கரை இழுக்காதா என்பது அவர் வாதம். பொன்னி அரிசி டின்னுக்குள் போனைப் புதைத்து வைத்தார். எடுத்துப் பார்த்தபோது இன்னும் ரெண்டு வெள்ளாடு வந்திருந்தது. புழுங்கல் வேலை செய்யவில்லை என்று பச்சரிசிக்கு மாற்றினார்.

ஹேக்கர் எந்நேரமும் ஒட்டுக் கேட்பதால், போன் பக்கத்தில் இருக்கும்போது சத்தமாகப் பொய்த் தகவல் சொல்லவும் தொடங்கினார். "சசி, நாளைக்கு விடியக்காலைல நான் வாய்க்கா பக்கமே போவப் போறதில்ல!" என்று டின்னைப் பார்த்துக் கத்துவார்.

"யாரு கேட்டா?" என்பாள் அவள் அடுப்படியிலிருந்து.

பிறகு ஊர் வாட்ஸப் குழுவுக்கு ஒரு எச்சரிக்கை அனுப்பினார். அது இப்படி இருந்தது: இந்த நம்பரிலிருந்து வரும் எந்தச் செய்தியையும் யாரும் நம்ப வேண்டாம். இப்படிக்கு தாண்டவராயன். அதற்குக் கீழே பெருமாள் கேட்டார்: இதையாவது நம்பலாமா?

திருடன் வந்துவிட்டான், இனி அவனுக்கு ஒரு முகம் வேண்டும். தாண்டவராயனுக்கு அதைத் தேட அதிக நேரம் ஆகவில்லை. காலனியில் ஆல்பர்ட் இருந்தான்.

ஆல்பர்ட் ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் போனுக்குள் வைக்கிற சர்க்யூட் பலகைகளைச் சோதிக்கிற வேலையில் இருக்கிறான். கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். காதில் ஏதோ மாட்டியிருப்பான். அவன் அப்பா கிருஷ்ணசாமி உயிரோடிருந்தவரை தாண்டவராயனை "ஐயா" என்று கூப்பிட்டு, தோளிலிருந்த துண்டைக் கைக்கு மாற்றிக்கொள்வார். ஆல்பர்ட் "சார்" என்கிறான். அந்த வார்த்தையில் மரியாதைக் குறைவு என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. அதனால்தான் தாண்டவராயனால் அதை மன்னிக்க முடியவில்லை.

"பூட்டு செய்யறவன் ஒரு சாவிய தனுக்குன்னு எடுத்து வெச்சிக்காம வுடுவானா?" என்றார் சசிரேகாவிடம். "அவன்தான் போனு செய்றான். நெனச்ச நேரத்துல தொறந்துக்குவான்."

"அவன் ஒருத்தனாவா செய்றான்? ஆயிரம் பேரு வேல செய்றாங்களாம் அங்க."

"அந்த ஆயிரம் பேருல நம்மூர்ல கீறவன் எவன்?"

தருக்கம் பூட்டிக்கொண்டது. மறுநாள் காவல் நிலையம் போய், ஆல்பர்ட்டின் பெயரைப் போட்டு மனுக் கொடுத்து, ரசீதும் வாங்கி, அந்த ரசீதைப் பூட்டி வைத்தார்.

தாண்டவராயனுக்குத் தெரியாத ஒன்று உண்டு. தெரிந்திருந்தால் இன்னும் சீக்கிரம் மனுக் கொடுத்திருப்பார். ஆல்பர்ட்டைக் கம்பெனி ஆறு மாதப் பயிற்சிக்கு வியட்நாம் அனுப்புவதாக இருந்தது. திரும்பி வந்தால் சூப்பர்வைசர். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்து, போலீஸ் விசாரணைக்குக் காத்திருந்தான். அந்த வாரத்துக்குள் அது முடியாவிட்டால் அவன் இடத்தில் அடுத்த ஆளை அனுப்பிவிடுவார்கள். விசாரணைக்கு வர வேண்டிய ஏட்டு போனில் சொன்னார்: "உன் பேர்ல மனு ஒண்ணு நிக்குதுப்பா. அது முடியாம நான் ரிப்போர்ட் போட முடியாது."

அவன் அம்மா மங்கம்மா அன்று சாயங்காலமே தாண்டவராயன் வீட்டு வாசலுக்கு வந்தாள். ஊரில் நடவுக் கும்பலுக்குத் தலைவி அவள். அவள் கூப்பிட்டால்தான் பெண்கள் எந்த வயலிலும் இறங்குவார்கள். தாண்டவராயன் வயலுக்கு மறுநாள் வருவதாக இருந்தது.

"என் புள்ள உங்க போன இன்னா பண்ணான் ஐயா?"

"அத்த உன் புள்ளையக் கேளு. அவனே வந்து ஒத்துக்கினான்னா மன்னிச்சு வுட்டுடறேன். நான் இன்னா கல்நெஞ்சக்காரனா?"

"பண்ணாதத எப்டி ஒத்துக்குவான்?"

"பண்ணாதவன் எதுக்கு காதுல மாட்டிக்கினு திரியறான்?"

"அவன் பாட்டு கேக்கறான் ஐயா" என்று சொல்லிவிட்டு மங்கம்மா போய்விட்டாள். மறுநாள் தாண்டவராயன் வயலில் யாரும் இறங்கவில்லை. பிடுங்கி வைத்த நாற்றுக் கட்டுகள் வரப்போரம் தண்ணீரில் நின்றன.

ரெண்டு நாளில் எல்லாரையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எஸ்.ஐ. திவ்யா சின்ன வயதுக்காரர், புதிதாக வந்தவர். மேசை மேல் மூன்று மனுக்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன்னுடையது ஒன்றுதான் என்று நினைத்து வந்த தாண்டவராயன், பெஞ்சில் பெருமாளையும், ஆடு வளர்க்கிற எல்லம்மாளையும் பார்த்துத் திகைத்தார்.

"உங்க மூணு பேர் போனையும் ஹேக் பண்ணிட்டாங்க, சரிங்களா?" என்றார் திவ்யா. "எல்லம்மா, நீங்க இன்னா எழுதியிருக்கீங்க? உங்க ஆட்டுப் படம் ஊர்ல எல்லார் போன்லயும் கீது. கண்ணு பட்டு ஆடு தீனி எடுக்கல. பெருமாள்தான் காரணம்."

"வேற யாரு?" என்றாள் எல்லம்மாள். "அந்தாளு மீசையும் என் போன்லதான் கீது. அவன் மொகத்த நான் எதுக்கு வெச்சிக்கினு இருக்கப் போறேன்? அவனாதான் பூந்து வெச்சிட்டான்."

"பெருமாள், நீங்க தாண்டவராயன் மேல குடுத்துருக்கீங்க. உங்க வயலைப் படம் புடிச்சு, உங்க போனுக்கே அனுப்பி மெரட்டறாருன்னு."

"டேய், நான் எடுத்தது என் போன்லடா!" என்று எழுந்தார் தாண்டவராயன். "உன் வரப்பு என் பக்கம் நவுந்து வருதுன்னு சாட்சிக்கு எடுத்து வெச்சேன். அது உனுக்கு எப்டி வந்துது?"

"அதான் மேடம் நானும் கேக்கறேன்" என்றார் பெருமாள்.

திவ்யா மூன்று மனுக்களையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். "மூணுலயும் ஒரே மெயில் ஐடி எழுதியிருக்கீங்க. கடை பேர்ல கீது. யாரு கடை?"

மோகனைக் கூட்டி வந்தார்கள். அவன் வரும்போதே எல்லாருக்கும் வணக்கம் வைத்துக்கொண்டு வந்தான். முக்கால்வாசிப் பேர் அவனுடைய வாடிக்கையாளர்கள்.

"ஆமா மேடம், நம்ம ஐடிதான்" என்றான் பெருமையோடு. "முன்னாடி ஆளுக்கு ஒண்ணு போட்டுத்தான் குடுத்தேன். மறுநாளே வந்து நிப்பாங்க, பாஸ்வேர்டு மறந்துட்டேன் நைனான்னு. ஒரே பேஜாரு. அதான் கடை பேர்ல ஒண்ணு போட்டு, எல்லார் போனுக்கும் அதையே ஏத்தி வுட்டுட்டேன். ஒருத்தரும் எதையும் மறக்கத் தேவயில்ல பாருங்க."

"எத்தன பேருக்கு?"

மோகன் அடக்கமாகத் தலையைக் குனிந்தான். "சுத்துப்பட்டு ஊருங்க பூரா நம்ம கஷ்டமருதான் மேடம்."

"பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும்?"

"கடைல போர்டுலயே எழுதிப் போட்டுக்கீறேன் மேடம். எல்லாருக்கும் வசதியா இருக்கட்டுமேன்னு."

திவ்யா பொறுமையாக விளக்கினார். ஒரே ஐடியில் இருக்கிற போன்களில் ஒன்றில் எடுக்கிற படம் எல்லாவற்றிலும் வரும். ஒன்றில் ஏற்றுகிற பெயரும் நம்பரும் எல்லாவற்றிலும் ஏறும். சுருக்கமாகச் சொன்னால், சுற்றுவட்டாரம் முழுவதும் ஒரே போனைத்தான் வைத்திருக்கிறது, கைகள்தான் வேறு வேறு. யாரும் யாரையும் ஹேக் செய்யவில்லை.

"ஆல்பர்ட், உன் போனு?"

"அது கம்பெனில ஆபர்ல வாங்குனது மேடம். மோகன் கடைக்கு நான் போனதே இல்ல."

"அப்ப இந்த ஊர்ல யாரு போனுக்குள்ளயும் பூர முடியாத ஒரே ஆளு இவர்தான். பெரியவரே, மனுவ வாபஸ் வாங்கிக்கிறீங்களா? அவரு பாஸ்போர்ட் வெரிபிகேஷன் நின்னு கெடக்குது. நாளையோட நாள் முடியுது."

தாண்டவராயன் அப்போதுதான் பாஸ்போர்ட் என்ற சொல்லைக் கேட்டார். ஆல்பர்ட்டை மேலும் கீழும் பார்த்தார். காலனிப் பையன் ஆகாயத்தில் ஏறப்போகிறான், அந்தக் கதவின் சாவி தன்னிடம் இருக்கிறது. பூட்டில் நம்பிக்கை உள்ளவருக்கு இதைவிடப் பெரிய இன்பம் கிடையாது.

"ஐடி ஒண்ணா இருந்துட்டுப் போவட்டும் மேடம்" என்றார் நிதானமாக. "ஆனா பேரு? அத்த எவனோ ஒருத்தன் போட்டுத்தானே கீறான்? இவன் போனு இல்லன்னா இவுங்க அம்மா போன்ல போட்டிருப்பான். அது மோகன் கடைப் போனுதான். உண்மை தெரியற வரிக்கும் நான் வாபஸ் வாங்க மாட்டேன்."

"சார், என் வேலையே போயிடும் சார்" என்றான் ஆல்பர்ட்.

"அப்ப ஒத்துக்க."

"அவன் போடல" என்றாள் மங்கம்மா பின்னாலிருந்து. "நான் போட்டேன்."

நிலையமே திரும்பிப் பார்த்தது. தாண்டவராயன் சிரித்தார். "உனுக்குத்தான் எழுதவே தெரியாதே."

"எழுதுனேன்னு சொன்னனா? அந்த மைக்கு பொம்மய அமுக்குனா பேரு சொல்லுன்னுது. சொன்னேன். அதுவா எழுதிக்கிச்சு."

"இன்னா தைரியம்! ஐயான்னு போட வேண்டியதுதானே?"

"மொதல்ல அப்டித்தான் சொன்னேன். ஐயான்னு நெறய பேரு கீறாங்க. எந்த ஐயான்னு தெரிய வேணாமா?" அவள் எஸ்.ஐ. பக்கம் திரும்பினாள். "விடியறதுக்கு முன்னாடி நாத்துப் புடுங்கப் போறவ நான் மேடம். எந்த மடைல தண்ணி எந்நேரம் திரும்புது, யாரு குனிஞ்சிக்கினு கீறாங்கன்னு நான் பாக்காம யாரு பாப்பாங்க?"

"அவதூறு மேடம்! பச்சப் பொய்யி!" என்று மேசையைத் தட்டினார் தாண்டவராயன். "எழுதிக்குங்க, இவ மேலயும் மனு தர்றேன்."

திவ்யா புதுத் தாள் ஒன்றை எடுத்து, பேனாவைத் திறந்தார். "தாங்க. ஆனா அந்தப் பேரு பொய்னு நீங்க சொன்னா, பொய்தானான்னு நான் விசாரிக்கணும். நாளைக்கு விடியக்காலைல வாய்க்காலுக்கு வரேன். யாரு முறை, எங்க அடைச்சிருக்குன்னு பாத்துடலாம். பெருமாள், நீங்க சாட்சிக்கு வருவீங்களா?"

"இப்பவே வண்டிய எடுக்கட்டா மேடம்?" என்றார் பெருமாள். அவர் ஏற்கெனவே வாசலுக்குப் போயிருந்தார்.

தாண்டவராயன் மேசையைத் தட்டிய கையை மெல்ல எடுத்துத் துண்டைச் சரிசெய்தார். நாட்டில் பெருந்தன்மை என்று சொல்லப்படுவதில் பாதி இப்படித்தான் பிறக்கிறது. "அறியாத பொம்பள" என்றார். "போனாப் போவுதுன்னு மன்னிச்சிடறேன். எங்க மேடம் கையெழுத்து?"

"நான் மன்னிப்பு கேக்கலியே" என்றாள் மங்கம்மா.

"கேக்காமலே குடுக்கறேன்" என்று சொல்லி, மனுவை வாபஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

மோகன் அன்றே கடைப் பலகையை அழித்துவிட்டு, ஆளுக்கொரு ஐடி போட்டுத் தர ஆரம்பித்தான். பாஸ்வேர்டு மறந்தவர்கள் அடுத்த நாள் காலையில் கடை திறப்பதற்கு முன்பே பஸ் ஸ்டாண்டு வரை வரிசையாக நின்றார்கள்.

அதே காலையில் ஏட்டு பாஸ்போர்ட் விசாரணைக்கு ஊருக்கு வந்தார். ஆளைத் தெரிந்த உள்ளூர்க்காரர் ரெண்டு பேர் நல்லவர் என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். வரப்பில் இருந்த பெருமாள் படித்துக்கூடப் பார்க்காமல் போட்டுவிட்டார். இன்னொருவர் வேண்டும். ஊரில் பாதிப் பேர் மோகன் கடை வாசலில் நின்றார்கள். கண்ணுக்கு எட்டிய தூரத்தில், மஞ்சளாகப் பழுக்க ஆரம்பித்த நாற்றுக் கட்டுகளுக்குப் பக்கத்தில் தாண்டவராயன் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"மனு குடுத்தவரே போட்டா ரிப்போர்ட் இன்னும் சுத்தமா இருக்கும்" என்றார் ஏட்டு. "ஆளு எப்டி, இவரத் தெரியுமா?"

ஆல்பர்ட் ஏட்டுக்குப் பின்னால் நின்றான். தாண்டவராயன் அவனைப் பார்க்கவில்லை. பக்கத்து வயலைப் பார்த்தார். பெருமாள் வயலில் மங்கம்மாவின் கும்பல் குனிந்து நட்டுக்கொண்டே போனது, வரிசை கலையாமல், பாதி வயல் பச்சையாகிவிட்டது. அங்கே தண்ணீரும் நன்றாக நின்றது.

"தெரியுமாவாவது!" என்றார் தாண்டவராயன். "தங்கமான புள்ள. அவங்க அப்பன் காலத்துலேர்ந்து எங்க வூட்டுப் புள்ள மாரி. நான்தான் இவன வெளிநாடு போடான்னு தொரத்திக்கினே இருந்தேன். அத்தியும் எழுதிக்குங்க."

"அதுக்கெல்லாம் எடமில்ல. இங்க ஒரு கையெழுத்து."

பெரிய எழுத்தில், அடிக்கோடு இழுத்து, போட்டார். ஆல்பர்ட் "தேங்க்ஸ் சார்" என்றான். ஏட்டு வண்டியைக் கிளப்பியதும் தாண்டவராயன் வரப்பு மேல் ஏறி நின்று, பக்கத்து வயலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மங்கம்மா! கையெழுத்துப் போட்டுட்டேன்! நாளைக்கு நம்ம வயலுக்கு ஆளுங்களக் கூட்டியாந்துடு. நாத்து வீணாப் போவுது."

மங்கம்மா நிமிர்ந்து, சேற்றுக் கையால் முந்தானையைச் செருகிக்கொண்டாள். ஏட்டின் வண்டி போகிற திசையை ஒரு பார்வை பார்த்தாள்.

"பெருமாளு வயலு கீது, அப்பால எல்லம்மாளுது கீது" என்றாள். "அதெல்லாம் முடியட்டும் ஐயா. மொறைன்னு ஒண்ணு கீதில்ல?"